குழந்தைகள் இல்லம்: உரோமையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

நமது பங்கின் இவ்விழா மலரில் ஆலயம் எழுந்த வரலாற்றையும், பங்கை வழிநடத்திய குருக்களின் உழைப்பையும், கன்னியரின் தொண்டையும் பிறர் சிறப்புற எழுதியுள்ளனர். நம்மிடமும் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியபோது, ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில் இளம் பெற்றோர் மீண்டும் மீண்டும் கேட்கும் ஒரு கேள்வியே நம் நினைவுக்கு வந்தது. "ஃபாதர், வேலைக்குப் போகும்போது பிள்ளையை எங்கே விடறது?"

கேட்பவர் யார் என்பதைப் பங்கு மக்கள் அறிவர். கணவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வேலை. மனைவி தேர்வாய்க்கண்டிகைப் பக்கமோ, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஒப்பந்த வேலை. இருவருக்கும் ஷிப்டு மாறி மாறி வரும். தாலாட்டித் தூங்க வைக்கும் பாட்டி சொந்த ஊரில் இருக்கிறார். இங்கே ஓர் அறை வாடகை வீடு. இரண்டரை வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காள் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை. அக்காளும் இல்லாத வீடுகளில் நடப்பதை இங்கே எழுத நம் கை நடுங்குகிறது; வெளியே பூட்டு, உள்ளே குழந்தை.

நெடுஞ்சாலை ஓரமெங்கும் வண்ண வண்ணப் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் 'மாண்டிசோரி' என்ற சொல் இருக்கிறது. "அது பணக்காரர் பிள்ளைகளுக்குத்தானே ஃபாதர்?" என்று ஒரு தாய் நம்மைக் கேட்டார். அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து எழுதுகிறோம்.

தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த இல்லம்

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். 1896-இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலம் அது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே முதலில் பணியாற்றி, அவர்களும் கற்க முடியும் என்று காட்டினார்.

உரோமை மாநகரில் சான் லொரென்சோ என்ற பகுதி அந்நாளில் ஏழைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கிருந்த இடிந்த அடுக்குமாடி வீடுகளை ஒரு கட்டட நிறுவனம் வாங்கிப் பழுதுபார்த்துத் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி செல்லும் வயது வராத சிறுவர் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பதைவிட இவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது மேல் என்று எண்ணிய நிறுவனத்தார் மாண்டிசோரியை அழைத்தனர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளோடு முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

ஆகவே, அந்தத் தாயின் கேள்விக்கு முதல் விடை இது. மாண்டிசோரிப் பள்ளி பணக்காரருக்காகத் தோன்றியதன்று. ஷிப்டு வேலைக்குப் போகும் நம்மைப் போன்றோரின் பிள்ளைகளுக்காகவே தோன்றியது.

அவ்வில்லத்தின் விதிகளை நம் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கட்டணம் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய்மையாக அனுப்புவது தாயின் கடமை. வாரம் ஒரு முறையேனும் தாய் ஆசிரியையிடம் வந்து பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியை அதே கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, தாய் எந்த நேரமும் உள்ளே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். இந்த ஒரு விதியைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்; கட்டுரை முடியுமுன் மறுபடியும் இதற்கு வருவோம்.

நீலகிரியும் உரோமையும்

இங்கே நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. 1908 டிசம்பர் 28 அன்று சிசிலித் தீவின் மெசீனா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளை உரோமையில் ஜுஸ்தி தெருவில் இருந்த கன்னியர் மடம் ஏற்றுக்கொண்டது. பேச்சை மறந்து, உண்ணவும் உறங்கவும் மறுத்த அக்குழந்தைகளுக்காக அம்மடத்திலேயே ஒரு குழந்தைகள் இல்லம் நடந்தது. சிறு மேசைகளைத் துடைப்பது, பூச்செடிக்கு நீர் ஊற்றுவது, தட்டுகளை எடுத்து வைப்பது போன்ற வேலைகளில் ஈடுபட்டு அவர்கள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கினர்.

அம்மடம் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியருடையது. அச்சபை தோன்றிய இடம் நமது உதகமண்டலம். ஆண்டு 1877, நாள் அதே ஜனவரி 6. நீலகிரிக் குளிரில் தோன்றிய சபையின் மடத்தில், முப்பது ஆண்டுகளுக்குப் பின் உரோமையில், அனாதைக் குழந்தைகள் புதிய முறையில் வளர்ந்தனர் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

அடையாற்றில் அம்மையார்

1934-இல் முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக இயலாமல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939 நவம்பரில், தமது 69-ஆம் வயதில், மகன் மரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அவரை அழைத்தவர் அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அம்மையாருக்கு இங்கே இடம் தந்தவர்கள் வேறு சபையார் என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் வந்திருந்தனர். தமிழர், குஜராத்தியர், வங்காளியர், மராட்டியர் எனப் பல மொழியினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கேட்டவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பித் தத்தம் மொழியில் குழந்தைகளோடு பேசினர்.

சில மாதங்களுக்கென்று வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளில், வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். மகனைப் பிரிந்த தாயின் துயரை அம்மையார் நமது மண்ணிலேயே அனுபவித்தார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, சற்று வளர்ந்த சிறுவர்க்கான கல்வியை இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன என்னும் மாணவியின் துணையோடு உருவாக்கினார். 1946-இல் ஐரோப்பா சென்று, மறு ஆண்டே திரும்பி வந்து 1949 வரை பணியாற்றினார். குழந்தையின் மனம் எவ்வாறு சூழலை உள்வாங்குகிறது என்பதை விளக்கும் அவரது புகழ்பெற்ற நூல் முதன்முதலில் 1949-இல் அடையாற்றில்தான் அச்சேறியது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

பால்வாடி என்ற சொல்

அம்மையார் வருவதற்கு முன்பே அவரது கருத்துகள் இங்கே வந்துவிட்டன. குஜராத்தின் பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாலமந்திர் தொடங்கினார். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், விலையுயர்ந்த மரச்சாமான்கள் ஏழைக்கு எட்டா என்று கண்டு, விதைகளையும் கூழாங்கற்களையும் இலைகளையும் கொண்டே கற்பித்தார். 1945-இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்திலும், பின்னர் கோஸ்பாட் மலையில் பழங்குடி மக்களிடையேயும் பணியாற்றினார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டு சென்றார். முற்றத்திற்கு அம்மொழியில் 'அங்கன்' என்று பெயர். பாலர் வாடி 'பால்வாடி' ஆயிற்று. முற்றத்துப் பள்ளி 'அங்கன்வாடி' ஆயிற்று.

நம் தாய்மார் பலர், பால் கொடுக்கும் இடம் என்பதால் பால்வாடி என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது சான் லொரென்சோ இல்லத்தின் பேத்தி முறை. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவும் இம்மையங்களைத் தமிழகமெங்கும் நிலைபெறச் செய்தன. கட்டணம் கட்ட வழியில்லாத பெற்றோர் அங்கன்வாடியில் பிள்ளையை விடுவதற்காக நாணவேண்டியதில்லை.

கொட்டகையைப் பிரித்த நாள்

இனி ஒரு துயர வரலாறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடியில் இருந்த ஓலைக் கூரைக்குத் தாவியது. படிக்கட்டு குறுகியது. வெளியேற வேறு வழி இல்லை. 94 குழந்தைகள் மாண்டனர்.

அச்செய்தி வந்தபோது நாம் வேறொரு பங்கில் இருந்தோம். அங்கே நமது பொறுப்பில் ஒரு சிறிய குழந்தைகள் காப்பகம் நடந்தது. முப்பது பிள்ளைகள், ஓர் ஓலைக் கொட்டகை, ஒரே கதவு. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று அக்கதவை வெளிப்புறம் தாழிட்டு வைப்பது வழக்கம். தாழிடச் சொன்னவர் நாமே. அடுப்பு கொட்டகையை ஒட்டியே இருந்தது. நாள்தோறும் அவ்வழியே நடந்தும் அதை ஓர் ஆபத்தாக நாம் கண்டதில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் இளைஞர் சிலரை அழைத்துக் கொட்டகையைப் பிரித்தோம். நமது கவனக்குறைவால் எக்குழந்தைக்கும் தீங்கு நேரவில்லை. அது இறைவனின் இரக்கமே அன்றி நமது முன்யோசனை அன்று. அன்று முதல் எந்தக் குழந்தைகள் காப்பகத்திற்குச் சென்றாலும் நமது கண் முதலில் கதவைத்தான் பார்க்கிறது.

2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பின்னரே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. விளையாட்டுப் பள்ளிகளுக்கான நெறிமுறைகளைத் தமிழக அரசு 2015-இல் வெளியிட்டது. பிள்ளைகள் மாண்ட பின்பே விதிகள் பிறப்பது நம் நாட்டின் வழக்கமாகிவிட்டது.

தொழிற்சாலைகளுக்கும் கடமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்க விட வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றது. சட்டத்தில் இருப்பது நம் பங்கின் ஒப்பந்தத் தொழிலாளத் தாய்மாரில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர்கள் வாயை அடைக்கிறது. தனியாகக் கேட்க அஞ்சுவதைப் பத்துப் பேராகச் சேர்ந்து கேட்கலாம்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

'மாண்டிசோரி' என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆதலால் பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல் உள்ளே சென்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கதவு. முன்னறிவிப்பின்றி நண்பகலில், பிள்ளைகள் உண்டு உறங்கும் நேரத்தில் செல்லுங்கள். "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று எப்போதும் வாசலிலேயே நிறுத்தினால் அங்கே பிள்ளையை விடாதீர்கள். 1907-இல் கூலித் தொழிலாளியின் மனைவிக்குத் திறந்திருந்த கதவு இன்று உங்களுக்கு ஏன் மூட வேண்டும்? அவசரத்தில் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, கட்டடம். அடுப்பும் எரிவாயு உருளையும் பிள்ளைகளின் அறைக்கு அப்பால் இருக்கின்றனவா? தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி கனமாகவும் பூட்டியும் உள்ளதா? மின்சாரப் பிளக்குகள் பிள்ளையின் கைக்கு எட்டுமா? வாசல் லாரி ஓடும் சாலையில் திறக்கிறதா? உருக்காலைப் புகை நேராக வீசும் இடமா? கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய சான்றுகளையும் அரசின் அங்கீகாரத்தையும் காட்டும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, ஆட்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆயா? பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார்? மாலையில் நீங்கள் பெயர் குறித்துக் கொடுத்தவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்கிறார்களா? வீட்டுக்கு வந்த பிள்ளை வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்குகிறதா, ஒருவரைக் கண்டால் அஞ்சுகிறதா? பிள்ளை சொல்வதை "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். 1098 என்ற தொலைபேசி எண் எந்நேரமும் குழந்தைகளுக்காக உள்ளது.

நான்காவது, கல்வி. உண்மையான மாண்டிசோரி வகுப்பில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் கலந்திருப்பர். அலமாரி பிள்ளையின் உயரத்தில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையான பத்து இளஞ்சிவப்புக் கட்டைகள், உப்புத்தாள் எழுத்துகள் போன்றவை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று இருக்கும். ஒருவன் வைத்த பின்பே மற்றவன் எடுப்பான். பிள்ளை தானே தண்ணீர் ஊற்றுவான், பொத்தான் போடுவான், சிந்தியதைத் துடைப்பான். ஆசிரியை அதிகம் பேசாமல் கவனித்துக்கொண்டிருப்பார். மூன்று வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஆங்கில எழுத்துகளைக் கத்த விட்டு, வீட்டுப்பாடமும் கொடுத்தால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது மாண்டிசோரி அன்று.

எந்த மொழி?

நமது பகுதி பல மொழிகளின் சந்தி. ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தெலுங்கு நமக்கு அண்டை வீட்டு மொழி. ஆலைகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து குடும்பங்கள் வந்துள்ளன. இலங்கையிலிருந்து அகதிகளாய் வந்த நம் உடன்பிறப்புகளின் தமிழும் இங்கே ஒலிக்கிறது.

ஆறு வயதுக்குள் குழந்தை தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழியைப் பாடம் படிக்காமலே உள்வாங்குகிறது என்றார் மாண்டிசோரி அம்மையார். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளும் அவ்வாறே வந்துவிடும். ஆனால் அம்மொழியைத் தாய்மொழியாய்ப் பேசும் ஒருவர் அன்போடு பேசக் கேட்க வேண்டும். அரைகுறை ஆங்கிலத்தை மனப்பாடம் செய்விப்பது மொழி கற்பித்தல் ஆகாது. நாம் அறிந்த ஓர் ஒடியாச் சிறுமி காப்பகத்தில் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. ஊமை என்றே எண்ணினர். சமையலுக்கு வந்த ஒடியா அம்மாள் ஒருவர் ஒருநாள் "பசிக்கிறதா?" என்று அவள் மொழியில் கேட்டார். அன்று தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் தமிழிலும் சண்டை போட்டாள்! ஆகவே, நம் பிள்ளையின் மொழியில் பசியையும் வலியையும் புரிந்துகொள்ளும் ஒருவரேனும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டில் தாய்மொழியை விடாதீர்கள்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தாமும் மேற்கொண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவும் பிள்ளையும் அவ்வழியே செல்கிறது. தமிழ் எழுத்தின் வளைவுகள் அதற்கு மிகவும் ஏற்றவை.

முடிவாக

திருவிழாக் காலத்தில் நமது ஆலயத்தின் கதவுகள் இரவிலும் திறந்திருக்கின்றன. ஆலயத்தை அடுத்த பங்கு மண்டபமோ வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. அதே ஆறு நாளும் நம் பங்கின் சில வீடுகள் வெளிப்புறம் பூட்டப்பட்டு, உள்ளே ஒரு குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இவ்விரு பூட்டுகளையும் பங்குப் பேரவையின் முன் வைக்கிறோம். மண்டபத்திற்கு இரண்டாவது வாசல் வைக்கவும், சமையலறையைத் தள்ளி அமைக்கவும், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையையும் பல மொழி அறிந்த இரு ஆயாக்களையும் அமர்த்தவும் ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். சாதி, சமயம், மொழி பாராமல் இப்பகுதித் தொழிலாளர் அனைவரின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும். எல்லாம் சட்டப்படி முடியும் வரை ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கூடாது. இதில் நாம் ஒருமுறை தவறியவர்கள்.

சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர், அவர்களைத் தடுப்போரைக் கடிந்துகொண்டார். விழாக் கொண்டாடும் நமது பங்கு, வரும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடும் பங்காக விளங்க அவரே அருள் புரிவாராக.